ஹேவ்லாக்கை நான் அழித்த வாரம்

2 ஜூன் 2025, திங்கள்
காலில் மாவுக்கட்டு. இந்தத் தீவின் அபர்டீன் பஜாரில் மழைத் தண்ணியில் வழுக்கி விழுந்ததற்கு டாக்டர் தந்த தண்டனை: கப்பல், விமானம் எதுவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மதுரையில் தங்கச்சி உதயாவுக்குக் கல்யாணம். நாற்பத்தாறு வயசில் தனக்குத் தானே மாப்பிள்ளை பார்த்துக்கொண்ட என் தங்கம்! வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் பார்க்கணும். என் தலையெழுத்து.

3 ஜூன்
ஒத்திகைக்கு உதயாவோடு வீடியோவில் பேசினேன். பேச ஆரம்பித்ததுமே அவள் முகம் உறைந்துபோகிறது. உள்ளே பார்த்தால் பழைய வைஃபை பேரெல்லாம் சந்தைக்கடை மாதிரி கிடக்கு. மாடி வீட்டு சிக்னல் லேசாக எட்டிப் பார்த்தால் போதும், நம்ம லைனை விட்டுட்டு அங்கே தாவுது. இவர் எதையும் அழிக்க விடமாட்டார். புயலில் ஒண்ணு போனா இன்னொண்ணு வேணுமாம். தீவில் முப்பது வருஷம் இருந்தவர் வேறென்ன சொல்வார்?

4 ஜூன்
இவர் ஆபீஸ் போனதும் உட்கார்ந்தேன். என்கூட வேலை பார்க்கும் ஸ்ரீதர் போனில் வழி சொன்னார். நம்ம வீட்டு லைன் எது என்று முதலில் உறுதி பண்ணுங்க, அதைத் தொடாதீங்க, மற்றதை ஒவ்வொண்ணா நீக்குங்க, நீக்கி நீக்கி நெட் ஓடுதான்னு பாருங்க என்றார். கேட்டேனா? ‘பாலு’ என்று ஒன்று இருந்தது. புருஷன் பேராச்சே, அதை வைத்துக்கொண்டேன். ‘ஹேவ்லாக் கெஸ்ட்’ — போன வருஷம் பக்கத்துத் தீவுக்குப் போன டூர், இனி எதுக்கு? எல்லாத்தையும் துடைத்தாச்சு. என்ன சுகம்!

அதே நாள், சாயங்காலம்
பாலு என்பது இவருடைய செத்துப்போன பழைய நெட் டாங்கிள். ஹேவ்லாக் கெஸ்ட்தான் நம்ம வீட்டு வைஃபை! அங்கே ரிசார்ட் மூடினப்ப மேனேஜர் பிரவீன்குமார்கிட்ட ரூட்டரை வாங்கியிருக்கார், பேரைக்கூட மாத்தல. பாஸ்வேர்டை அவனே போட்டுட்டுப் போனானாம். வேகம் குறையும்னு எங்க போன்ல அதை ஏத்தினதே இல்ல. போன் சிக்னல்ல வீடியோ ஓடாது, மாடி வீட்டு சிக்னலும் பத்தாது. லைன் போடுற ஆள் திங்கட்கிழமைதான் வருவானாம். பிரவீன்குமார் சென்னைக் கப்பல்ல. நடுக்கடல்ல சிக்னல் ஏது? ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

6 ஜூன்
அழுதேன். இவர் திட்டவே இல்ல, அதுதான் இன்னும் அழுகை.

8 ஜூன், ஞாயிறு
காலையில் கப்பல் சென்னையைத் தொட்டதும் பிரவீன்குமார் கூப்பிட்டான். “பாபிஜி, பாஸ்வேர்டு மச்லிகரி. எல்லாம் சின்ன எழுத்து.” இத்தனை நாளா எங்க சைவ வீட்ல மீன் குழம்புலதான் நெட் ஓடியிருக்கு! நானும் இவரும் சிரித்த சிரிப்பில் முதல் தடவை தப்பாகவே அடித்தோம்.

படம் வந்தப்ப மேளம் உச்சத்தில். மாப்பிள்ளை கையில் தாலி. முடிஞ்சுபோச்சு என்று நினைத்தேன். உதயா மணமேடை ஓரத்து லேப்டாப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “ஒரு நிமிஷம் நில்லுங்க. எங்க அக்கா வந்துட்டா.”

மேளம் நின்னுது. மாப்பிள்ளை தாலியோடு என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். அப்புறம் கட்டினார். கட்டுக் காலோடு எழுந்து நின்று அட்சதை போட்டேன். இவரும் போட்டார். கீபோர்டு பூரா மஞ்சள் அரிசி.