முதல் இருபது நிமிஷம்

துவாரகா,
12 ஜனவரி 2024

சிரஞ்சீவி அச்சுதனுக்கு ஆசீர்வாதம்.

பிள்ளையார் புண்ணியத்தில் நலம். அப்பாவுக்குக் காது முழுக்கப் போய்விட்டது. போனை விட்டுக் கடிதம் போடு. அவரே படித்துக்கொள்வார்.

அவருடைய பழைய எட்டு சிலிண்டர் காரைப் பிரித்தாயிற்று. வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்ட் தேய்ந்துபோயிருக்கிறதாம். அதற்கும் வால்வுக்கும் நடுவில் நிற்கும் டாப்பெட்டுக்கு மெக்கானிக் மதியழகன் இரண்டு வழி சொல்கிறார்: அடி தட்டையானது, அல்லது உருளை வைத்தது. நானும் மானுவலை எழுத்துக்கூட்டிப் படித்தேன். உருளை நாலு மடங்கு விலை. நீ என்ன சொல்கிறாய்?

அக்கா அம்புஜம்

டெட்ராய்ட்,
3 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

தட்டைதான் ஒரிஜினல். பார்சல் அனுப்பிவிட்டேன். முதல் ஸ்டார்ட்டில் இருபது நிமிஷம் ஆக்சிலரேட்டரை விடாமல் ஒருத்தர் கூடவே இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை விட்டு ஐடிலில் மெதுவாக ஓடவிட்டால் புது கேம்ஷாஃப்ட்டின் மேடுகள் தேய்ந்துவிடும். நான் வராமல் யாரும் சாவியைத் தொடாதீர்கள். ஏப்ரலில் வருகிறேன். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து நானே ஓட்டுகிறேன்.

அச்சு

துவாரகா,
28 ஆகஸ்ட்

அச்சு,

ஏப்ரல் ஜூனாயிற்று, ஜூன் தீபாவளியாயிற்று. உன் கடிதத்தைப் படித்த அன்றே அப்பா கார் சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார். மதியழகன், "பெரியவரே, இருபது நிமிஷம் நான் நிக்க மாட்டேனா?" என்று எழுதிக் காட்டினார். "என்ன ஜல்தி? அச்சு வரட்டும்" என்கிறார் அப்பா. குளிக்கும்போதும் கழற்றுவதில்லை, சாவி துருப்பிடித்து மார்பில் கறை. டாக்டர் இதயம் பலவீனம் என்கிறார். டிக்கெட் போட்டுவிட்டு எழுது.

அக்கா

துவாரகா,
15 டிசம்பர்

அச்சுதனுக்கு,

தீபாவளிக்கும் நீ வரவில்லை. பதிலும் இல்லை.

நீ வந்தால் ஆகும் செலவுக்கென்று மாதாமாதம் தனியாக எடுத்து வைத்திருந்தேன். அதில் உருளை வைத்த டாப்பெட்டையே வாங்கிவிட்டேன். 'இதற்கு முதல் இருபது நிமிஷம் யாரும் காவல் நிற்க வேண்டாம், அப்பா' என்று எழுதிக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். பிறகு அவரே பூணூலிலிருந்து சாவியை அவிழ்த்தார்.

மதியழகன் ஸ்டார்ட் செய்தார். அப்பா பானெட்டில் உள்ளங்கையை வைத்து, "ஓடறதா?" என்றார். தலையாட்டினேன். எங்கள் குடியிருப்பு சொசைட்டி வாசல் பிள்ளையார் வரை போய் வந்தோம். வழியில் உன்னைப் பற்றி அவர் கேட்கவில்லை.

உன் பார்சலைத் திருப்பி அனுப்புகிறேன். இனி இங்கே உனக்காகக் காத்திருக்கும் வேலை எதுவும் இல்லை.

அம்புஜம்