அடுத்த வீட்டில் விசாரித்தால்

அக்கா,

மிஞ்சிப்போன கேசரியை இன்று சூடு பண்ணினேன். நெய் மணம் வீடு முழுக்க ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. கூடவே எரிச்சலும் வந்தது. முந்தாநாள் தம்பிக்காகப் பெண் வீட்டார் சிதம்பரத்திலிருந்து வந்திருந்தார்கள். தட்டில் வைத்ததைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

மஞ்சக்குப்பத்தில் நம் தெரு வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பெண் வீட்டார் முதலில் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். எந்தப் பையனைக் கேட்டாலும் தெருவே "நல்ல புள்ள" என்றுதான் சொல்லும். சுனாமிக்கு அடுத்த வருஷம் திட்டக்குடிக்காரர்கள் வந்து, அடுத்த வீட்டில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த உங்களைக் கேட்டார்கள். நீங்களோ, "வேலைக்கு ஒழுங்கா போவான், அம்மா மேல உசுரு. ஆனா குடிப்பான். குடிச்சா வாய் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டீர்கள். ஐயோ அக்கா! நம் தம்பி என்று கொஞ்சம் வாயை மூடியிருக்கக் கூடாதா?

சம்பந்தம் போயிற்று. "எங்க வூட்டுச் சோத்தத் தின்னுட்டு எம்புள்ள வாழ்க்கையில மண்ணப் போட்டியேடி" என்று அம்மா வாசலில் நின்று கத்தினாள். நீங்கள் மிஷினை நிறுத்தி, "நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து, தெரிஞ்சும் ஏன் சொல்லலன்னு கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?" என்றீர்கள். அழுதுகொண்டே சொன்னீர்கள். அதனால் என்னால் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. அப்புறம் நீங்கள் கொடுத்தனுப்பிய மீன் குழம்பை அம்மா தொடவே இல்லை. நான் ஒளித்துவைத்துச் சாப்பிட்டேன்.

உங்களுக்கு முடியாமல் போனபோது சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிப் போனவன் தம்பிதான். "உனக்கு ரோஷமே இல்லியாடா?" என்று கேட்டேன். "அவுங்களுக்கு வேற யாரு இருக்கா?" என்றான். அந்த நாட்களில்தான் குடியும் நின்றது. நீங்கள் திருத்தினீர்களா, அவனே திருந்தினானா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கேட்டால் சிரிக்கிறான்.

இந்த முறை தெருவே ஒரே குரலில் நல்ல பையன் என்றது. நீங்கள் உயிரோடு இல்லை என்பதில் அம்மாவுக்கு நிம்மதி. சொல்லக் கூசுகிறது, எனக்கும்தான். எல்லாம் கூடிவந்த நேரத்தில் இவன், பெண்ணின் அப்பாவைப் பார்த்து, "மாமா, முன்ன நான் குடிப்பேன். இப்ப தொடறதில்ல. அடுத்த வூட்டு அக்கா இருந்திருந்தா அவுங்களே சொல்லியிருப்பாங்க" என்றான். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. அதற்குள் அவர்கள் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள்.

இன்று காலை பெண்ணின் அப்பா போன் செய்தார். "பையன் நெசமாவே நிறுத்திட்டாராம்மா?" என்று கேட்டார். சத்தியமாக நிறுத்திவிட்டான் என்றேன். "நீ கூடப்பொறந்தவ, அப்படித்தான் சொல்லுவ. வேற யாராச்சும் சொல்லட்டும், பேசி முடிச்சுடலாம்" என்றார். தெருவில் யாரைக் காட்டுவது? அவன் குடித்துவிட்டுக் கத்திய நாளிலும் அவனை நல்லவன் என்று சொன்னவர்கள்தானே எல்லோரும்?

நீங்கள் செய்தது சரியா தப்பா, எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் அக்கா, நீங்கள் ஒரே ஒரு தடவை "நிறுத்திட்டான்" என்று சொன்னால் அவர் நம்பிவிடுவார்.