எச்சரிக்கையை மூடி வைத்த மச்சானுக்கு

என் உயிர் மச்சான் யூசுப்,

நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. கேட்கும் மனநிலையிலும் நான் இல்லை. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. ஏழு மாதம் உனக்காக அழுதேன், இந்த ஒரு மாதமாக உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

நம் ரத்ததானப் பட்டியல் படுத்துவிட்டது. மலையில் யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் ஜமுனாமரத்தூரில் என் ஜெராக்ஸ் கடையிலிருந்தே ஆள் தேடிக் கொடுக்க, நீ வாணியம்பாடியில் உட்கார்ந்து பிஎச்பி என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினாயே, அதேதான்.

போன மாதம் ஒரு காலை கோவிந்தன் போன் செய்தான். மனைவி வள்ளிக்குப் பிரசவமாகி ரத்தப்போக்கு நிற்காமல் வேலூருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். "அண்ணா, ஓ நெகட்டிவாம். இங்க ஸ்டாக் இல்லன்றாங்க. யாரையாச்சும் அனுப்புங்கண்ணா," என்று அழுதான். பட்டியலைத் திறந்தேன். வெள்ளைப் பக்கம். மறுபடி திறந்தேன், மறுபடியும் வெள்ளை.

மாதாமாதம் எல்லோர் நம்பரையும் நான் நோட்டில் எழுதி வைப்பேனே, ஞாபகமிருக்கிறதா? "கம்ப்யூட்டர்ல போட்டாச்சு, இன்னும் இன்னாடா நோட்டு? ஸ்கூல் புள்ளயா நீ?" என்று சிரித்தது யார்? உன் பேச்சைக் கேட்டு அத்தனை நோட்டையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஓ நெகட்டிவ் நம்பர் ஒன்றே ஒன்றுதான். உன்னுடையது. நீ இல்லை என்று தெரிந்தும் கை அதையே அழுத்தியது. உன் தங்கை ஷபானா எடுத்தாள். நான் பாதி சொல்வதற்குள், "குமரேசண்ணா, பாய்க்கு இன்னா க்ரூப்போ அதான் எனக்கும். எந்த ஆஸ்பத்திரி சொல்லுங்க, கெளம்பிட்டேன்," என்றாள். வள்ளி பிழைத்துக்கொண்டாள். பெண் குழந்தை.

அதனால் நீ தப்பித்துவிட்டாய் என்று நினைக்காதே.

மறுநாள் சர்வர் ஆபீசுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். "சார், டேட்டாபேஸோட பேசுற அந்தப் பழைய எக்ஸ்டென்ஷன பிஎச்பி-லருந்தே தூக்கி வருஷக்கணக்காச்சு. பழைய வெர்ஷன நிறுத்தப் போறோம்னு மூணு தபா மெயில் அனுப்சோமே," என்றார்கள். மெயில் மூன்றும் உன் முகவரிக்குப் போயிருக்கின்றன. அதற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன். செத்தவன் மெயில் பார்ப்பானா?

ஆனால் உன் ப்ரோக்ராமைத் திறந்து பார்த்தேன், மச்சான். இந்த எக்ஸ்டென்ஷன் போகப்போகிறது, மாற்றிக்கொள் என்று அந்த மொழியே ஒவ்வொரு தடவையும் திரையில் எச்சரித்திருக்கிறது. நீ என்ன செய்தாய்? ஒவ்வொரு பக்கத்திலும் இணைப்பு வரிக்கு முன்னால் ஒரு @ குறி போட்டு அதன் வாயை அடைத்தாய். முப்பத்தொரு பக்கம், முப்பத்தொரு @. முதல் பக்கத்தில் உன் குறிப்பு வேறு: "குமரேசனுக்குத் தெரிய வேண்டாம், கத்துவான். அப்புறம் மாத்திக்கலாம்."

அப்புறம் என்றால் எப்போது? உனக்கு நெஞ்சுவலி வந்தபோதும் வீட்டில் இதையேதான் சொன்னாயாமே, தெரிய வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்று. ஷபானா சொல்லி அழுதாள். பாலிடெக்னிக்கில் ஒரே தட்டில் சாப்பிட்டவனிடம் உனக்கு எதற்கடா மறைப்பு? நான் கத்துவேன்தான். கத்தினால் என்ன, காதா அறுந்துவிடும்? கத்தியிருந்தால் நீ இருந்திருப்பாயே.

இப்போது கடையில் உட்கார்ந்து பழைய வரிகளைப் புது முறைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். பதினெட்டுப் பக்கம் முடிந்தது. புது நோட்டும் வாங்கிவிட்டேன். பட்டியலில் உன் பெயருக்கு நேரே இன்னும் 'அழைக்கலாம்' என்று இருந்தது. அங்கே ஷபானா பெயரைப் போட்டேன். அன்று அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

முப்பத்தொரு @ குறியையும் எடுத்துவிடுவேன், சத்தியம். இனி அந்த மொழி எதைச் சொன்னாலும் திரையில் வந்து சொல்லட்டும். உன் குறிப்பை மட்டும் அழிக்க மாட்டேன். அதற்குக் கீழே ஒரு வரி சேர்ப்பேன்: "குமரேசனுக்குத் தெரிந்துவிட்டது. கத்திக்கொண்டிருக்கிறான்."

இன்னும் உன்மேல் கோபம் தீராத உன் மச்சான்,
குமரேசன்