கதவுக்கு வெளியே ஓர் இருமல்

அன்புள்ள அக்கா,

நலம் என்று எழுத வந்தேன், கை ஓடவில்லை. கழுத்து திரும்பாமல் போய் மாதக்கணக்காகிறது. இறுகிய தசையை மெல்ல அழுத்தி இளக்கும் சிகிச்சைக்கு என் வீட்டுக்காரர்தான் கூட்டிவருகிறார். என்னைக் கேட்கும் கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொல்வார்: "நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கா, வேற ஒண்ணுமில்ல."

இன்று சிகிச்சை தரும் அம்மா அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். என் தோள்பட்டையில் விரல்களைப் பதித்து, அவசரமில்லாமல் காத்திருந்தார். சதை கொஞ்சம் கொஞ்சமாக இளகி வந்தது. அப்போது கதவுக்கு வெளியே என் வீட்டுக்காரர் இருமினார்.

"பாருங்க, மறுபடியும் கல்லாயிடுச்சு" என்ற அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "வீட்ல அடிக்கிறாராம்மா?"

உன்னிடம்கூட மழுப்பியே வந்தவள், "ஆமா" என்றேன்.

அந்த அம்மா தந்த தாளில்தான் எழுதுகிறேன். தபாலில் சேர்ப்பதும் அவர்தான். அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இந்த இடத்தின் பின்வாசலில் வண்டியோடு நில். முகவரி உறைமேல் இருக்கிறது. போன் பண்ணாதே, என் போன் அவரிடம் இருக்கிறது.

இதோ, கதவைத் தட்டுகிறார். "இன்னும் முடியலையா?"

"கொஞ்ச நேரம் ஆகும், சார்."

துணிமணி எதுவும் கொண்டுவர முடியாது, அக்கா. நான் மட்டும்தான் வருவேன்.

உன் தங்கை