தேயிலைக்கு அக்கா முறைச் செடி

அம்மா,

பால் டின்னின் துரு என் உள்ளங்கையில் அப்பியிருக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் அந்த வாடை போகவில்லை. இன்று காலை நாங்கள் மேல்மலை லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்றுக்குக் குடிவந்தோம். அப்பா தகரப்பெட்டியையும் பாத்திர மூட்டையையும் சுமந்து வந்தார். நான் புத்தகப் பையோடு இந்த டின்னை மட்டும் ஏந்திக்கொண்டு ஏறினேன். புதிய வாசலில், வாசற்படிக்கும் மழைநீர்க் கானுக்கும் நடுவே, மூன்று முழம் மண் இருக்கிறது. அப்பா அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "என்னா நடலாம் பாப்பா?" என்றார். நான் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இதே கேள்வியை நாம் இரண்டு பேரும் ஒருநாள் முழுக்கப் பேசியிருக்கிறோம். தோட்டத்துத் துரையின் மனைவி, புதிதாக வந்த துரைசாணி, பங்களாவின் பழைய பூப்பாத்திகளைத் தோண்டி எறியச் சொன்ன வருஷம் அது. வேலிக்குப் பின்னால் செடிகள் வேரும் மண்ணுமாகக் குவிந்து கிடந்தன. பங்களாத் தோட்டக்காரர் உனக்குத் தம்பி முறை என்பதால் மூன்று செடி எடுத்துக்கொள்ளச் சொன்னார். மூன்றுதான். தலவாக்கலைப் பள்ளிக்கூட அலமாரியில் ஒரு தோட்டப் புத்தகம் இருந்தது. அதிலிருந்து பல வருஷம் வாழும் செடிகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி நான் கையோடு கொண்டு வந்திருந்தேன். பதினேழு பெயர்கள். அவற்றில் எது அந்தக் குவியலில் கிடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் படம் இல்லை.

நீ தாளைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு செடியாகத் தூக்கி, வேரை உதறி, நகத்தால் பட்டையைக் கீறி உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்தாய். உனக்குக் கேள்விகள் மூன்றுதான்: ஆடு தின்னுமா, மாசிப் பனியில் கருகுமா, ஆனி மாதக் காற்றுக்கு நிற்குமா. ரோஜாவை நான் ஆசையாகத் தொட்டபோது, ஆடு முள்ளோடு சேர்த்துத் தின்னும் என்று தள்ளிவிட்டாய். வெறும் குச்சியாக நின்ற ஹைட்ரேஞ்சியாப் பூச்செடியை எடுத்துக்கொண்டாய். இலை எல்லாம் உதிர்ந்தும் செத்துப்போகாத செடி, இனிமேலும் சாகாது என்றாய். அடுத்தது மரத்தக்காளிக் கன்று. அது பூவுக்கு இல்லை, பழத்தை இடித்துச் செய்யும் சம்பலுக்கு.

மூன்றாவது என் பங்கு. கருப்பச்சை இலை மின்னிக்கொண்டிருந்த ஒரு சிறு செடியைத் தோட்டக்காரர் காட்டி, கமேலியா என்றார். என் தாளில் ஒன்பதாவது பெயர். நூறு வருஷத்துக்கு மேலும் இருக்கும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. நம் லயத்து வாசல்களில் இருந்ததெல்லாம் ஒரு பருவத்துச் செடிகள்: அவரை, செவ்வந்தி, கடுகுக்கீரை. தோட்டம் கொடுத்த ஒற்றை அறைக் காம்பராவிலிருந்து எப்போது மாற்றுவார்கள் என்று தெரியாதவர்கள் வேறு எதை நடுவார்கள்? அதனால்தான் எனக்கு அந்த நூறு வருஷத்தின் மேல் அவ்வளவு ஆசை.

நீ ஒரு இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாய்.

"இது தேயிலைதானே புள்ள. விடிஞ்சதுலேருந்து இதோடதான் நிக்கிறேன். வாசல்லயும் இதையா வைக்கச் சொல்ற?"

"தேயிலைக்கு அக்கா முறைதான்க்கா, இது பூக்கும்" என்றார் தோட்டக்காரர்.

"அப்ப எனக்கு நாத்தனாரு" என்று சொல்லி, நீயே அதைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தாய்.

ஒரு வருஷம் அது அசையவே இல்லை. பிறகு ஒரு மழை மாதத்தில் உச்சியிலிருந்து ஒரே ஒரு துளிர் விட்டது. நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அளவுகோலை வைத்து அளந்தேன். அளவுகளைக் கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.

அந்தச் சாயங்காலம் நீ மலையிலிருந்து இறங்கி வந்தாய். முதுகில் கூடை, இடுப்பில் சுற்றிக் கட்டிய நனைந்த படங்குச் சாக்கு. பக்கத்துக் காம்பராப் பெரியம்மாவோடு வாசலில் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தாய். உன் முகம் அவர் பக்கம்தான் இருந்தது. கை மட்டும் தானாகப் போனது. ஒரு விரல் நீளத் தண்டோடு துளிர் ஒடிந்த சத்தம், படியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது.

பெரியம்மா சிரித்தார். "கூடையில போட்டுரு ஆத்தா, நாளைக்குக் கொழுந்து நெறுவைக்கு ஆவும்."

நான் சிரிக்கவில்லை. "ஒனக்குக் கிள்ளத்தானே தெரியும். வேற என்னா தெரியும்?" என்று கேட்டேன்.

நீ தேயிலைக் கறை ஏறிக் கறுத்த உன் விரல்களைப் பார்த்தாய். துளிரைச் சாக்குக்குள் செருகிக்கொண்டு உள்ளே போனாய்.

அதன் பிறகு வாசலில் நின்று யாரோடு பேசினாலும் உன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றாய். நான் அதைப் பார்த்தேன் அம்மா. முதல் நாளே பார்த்தேன். ஏன் அப்படி நிற்கிறாய் என்றும் தெரிந்தது. கையை அவிழ்த்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், பரீட்சை முடியட்டும் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். தை மாதக் குளிரில் உனக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீ திரும்பி வரவில்லை.

பதினாறாம் நாள் முடிந்து, அடுப்புச் சாம்பலைக் கொட்டப் பின்பக்கம் போனேன். மரத்தக்காளியின் நிழலில், விறகுக்குப் பின்னால் ஒரு பால் டின் இருந்தது. அதன் மேல் ஜாம் போத்தல் கவிழ்த்திருந்தது. போத்தலின் உட்புறம் முழுக்க நீர் முத்து. தூக்கிப் பார்த்தால் டின் மண்ணில் அந்தத் துளிர், இரண்டு இலையோடு பச்சையாக நின்றது.

பெரியம்மாவிடம் கேட்டேன். நாற்றுமேடையில் உனக்கு வேலை கொடுத்திருந்த மாதங்கள் அவை என்று அவர்தான் ஞாபகப்படுத்தினார். விதை போடாமல் தேயிலைக் கொப்பை வெட்டி வைத்து வேர்விட வைக்கும் புது முறையை அங்கேதான் கைப்பழக்கம் ஆக்கிக்கொண்டாயாம். தினமும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஓடும் முன் போத்தலைத் தூக்கித் தண்ணீர் தெளிப்பாயாம்.

"என்கிட்ட ஏன் சொல்லல பெரியம்மா?"

"நானும் கேட்டேன். 'வேர் விட்டா சொல்லிக்கலாம்க்கா. விடலன்னா புள்ள இன்னொரு தடவ அழுவும்'னா."

வேர் விட்டது அம்மா. மூன்று வருஷத்தில் டின்னின் அடித்தகரத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. நீ கிள்ளிய தாய்ச்செடியும் கிள்ளிய இடத்துக்குக் கீழே நான்கு கிளை விட்டு என் தோள் உயரம் நிற்கிறது. இப்போது அதில் மொட்டு இருக்கிறது. அதைத் தோண்டி எடுக்கட்டுமா என்று அப்பா நேற்று மண்வெட்டியோடு நின்றார். நான் வேண்டாம் என்றேன். அந்த மண்ணில் ஊன்றிவிட்டது, நம் காம்பராவுக்கு வரப்போகிறவர்களுக்கு அது பூக்கட்டும். ஆடு வந்தால் விரட்டுவதாகப் பெரியம்மா வாக்குக் கொடுத்திருக்கிறார். ஹைட்ரேஞ்சியாவில் இரண்டு குச்சி ஒடித்துக்கொண்டேன். மரத்தக்காளி விதை அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமைகளில் நான் அத்தையோடு மலைக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறேன். ஆறு மாதம் ஆகிறது. இன்று மத்தியானம் டின்னைப் படியில் வைத்துவிட்டு, அடுத்த காம்பராப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தேன். எந்த வகுப்பு, என்ன புத்தகம் என்று ஏதோ பேச்சு. விரல் நுனியில் ஏதோ மெத்தென்று பட்டது. குனிந்து பார்த்தேன். என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உன் செடியின் துளிர் இருந்தது. நான் அதைத் தொட நினைக்கவே இல்லை. கை தானாகப் போயிருந்தது.

மெதுவாக விரலை எடுத்தேன். அந்தப் பெண் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, உன்னைப் போலவே நின்று, அவள் சொன்னதைக் கேட்டேன்.