அப்பா இன்னும் ஸ்டியரிங்கைத் தொடவில்லை

மரியே வாழ்க

ஆம்பூர்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள மகன் அபினேஷுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் இருமல் சளி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். தினம் போனில் பேசுகிற காலத்தில் அம்மாவுக்கு இன்னா லெட்டர் என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி காதை இங்கே வைத்துக்கொண்டிருக்கிறார், நீயோ ஐந்து நிமிஷத்தில் மீட்டிங் என்று ஓடிவிடுகிறாய், பிறகு நான் எதைச் சொல்ல. பக்கத்து வீட்டு அக்தரி பேகத்தின் மகன் ஒவைஸ் தோல் கண்காட்சிக்காக ஜெர்மனி வருகிறான், அவன் கையில் இதையும் கறிவேப்பிலைப் பொடியும் எள்ளுருண்டையும் கொடுத்தனுப்புகிறேன். பொடியில் அவனுக்கும் பங்கு உண்டு, எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொள்ளாதே.

ஜாஸ்மின் போன வாரம் ஜோலார்பேட்டையிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் நைட் டூட்டியாம், வீட்டில் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்றாள், உன் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே கரப்பான் பூச்சிக்குக்கூடப் பயம்தானே. குழந்தை நடக்கிறான், கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் போடுகிறான், மாமன் புத்தி அப்படியே வந்திருக்கிறது. மழை இந்த வருஷம் ஜாஸ்தி, மாடியில் ஒழுகுகிற இடத்தைப் பூசியாயிற்று. என் முழங்கை வலி பரவாயில்லை, ஷூ கம்பெனியில் அத்தனை வருஷம் மெஷினில் உட்கார்ந்து தைத்த கை, அதற்கும் ரிட்டயர்மெண்ட் வேண்டுமே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கார் கேஸ் ஜெயித்ததை அன்றைக்கே சொன்னேன், நீயும் எவ்வளவு குடுக்கச் சொன்னாங்க என்று கேட்டாய், அதோடு பேச்சு முடிந்துவிட்டது. நடந்தது முழுக்க உனக்குத் தெரியாது, தெரிய வேண்டாம் என்று உன் அப்பாதான் என் வாயைக் கட்டி வைத்திருந்தார். நான் எவ்வளவு நாள்தான் கட்டுப்பட்டு இருப்பேன் சொல்.

உன் அப்பா தோல் மண்டி முதலாளி வீட்டில் முப்பது வருஷம் கார் ஓட்டினார். முதலாளி வீட்டுப் பிரசவம், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அவர்தான் ஸ்டியரிங்கில். ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட வண்டியை ஏற்றினதில்லை. அந்த மனிதரை இனி முதலாளி மாதிரி உட்கார வைக்க வேண்டும் என்று நீ அங்கே வயிற்றைக் கட்டிச் சேர்த்து வெள்ளைக் கார் வாங்கிக் கொடுத்தாய், அதுவும் அவர் பெயரிலேயே. கோயில் வாசலில் ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும்போது உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன், தீர்த்தம் கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னார், நானும் நம்பின மாதிரி தலையாட்டினேன். ராத்திரி எழுந்து போய்க் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பார், காலையில் துணி எடுத்துத் துடைப்பார், என் முகத்தைக்கூட அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஓடிக்கொண்டிருக்கிற வண்டி திடீரென்று உயிர் போன மாதிரி நின்றுவிடும், ஸ்டியரிங் கல்லாகிவிடும். முதலில் வாணியம்பாடி ரோட்டில், அப்புறம் நம் பஜாரில், மூன்றாவது தடவை வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மாதனூர் தாண்டி ஹைவேயில். பின்னால் வந்த லாரிக்காரன் புண்ணியவான், ஒதுக்கி ஓட்டினதால் நான் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். ஒவ்வொரு தடவையும் ஷோரூமுக்குக் கொண்டுபோனால் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு வண்டியில் ஒரு குறையும் இல்லை, பெரியவர் ஹாஃப் கிளட்சில் காலை வைத்தே ஓட்டுகிறார், அதுதான் கோளாறு என்றார்கள். யாரைப் பார்த்துச் சொன்னார்கள் பார். நீ அங்கிருந்து ஷோரூம் சர்வீஸ் மேனேஜருக்குப் போன் பண்ணினாய், அவர் அனுப்பின ரிப்போர்ட்டைப் பார்த்தாய். அப்புறம் அப்பாவுக்குப் போன் பண்ணி, "அப்பா, வயசாயிடுச்சு, இனிமே நீங்க வண்டியத் தொடாதீங்க, டிரைவர் போட்டுக்கலாம்" என்றாய். லாரியிடமிருந்து நாங்கள் தப்பின பயத்தில் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அவர் சரிப்பா என்று மட்டும் சொல்லிப் போனை என்னிடம் கொடுத்தார். அன்றைக்குச் சாவியை ஆணியில் மாட்டினவர்தான், இன்றுவரை ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஜாஸ்மின் வீட்டு ஸ்கூட்டரைக்கூடத் தள்ளித்தான் வைக்கிறார். உன்னோடு பேசும்போது சாப்பிட்டியாப்பா என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருகிறதா, நீ கவனித்தாயா.

எனக்கு அடங்கவில்லை. கம்பெனியில் தையல் ஒன்று தப்பாக விழுந்தால்கூட யார் தைத்தது என்று தேடிப் பிடித்துக் கேட்பார்கள், இங்கே காரைச் செய்தவனை விட்டுவிட்டு ஓட்டினவன் மேல் பழி போடுகிறார்களே. கோர்ட்டு கச்சேரி வேணாம், விடு, எனக்கு வயசாயிடுச்சுன்னு எம் புள்ளையே சொல்லிட்டான் என்றார் உன் அப்பா. அதைக் கேட்டுத்தான் நான் வேலூருக்குப் பஸ் ஏறினேன், அவரையும் இழுத்துக்கொண்டு. வக்கீல் ராமமூர்த்தி நல்ல மனிதர், நிதானமாகக் கேட்டு எழுதிக்கொண்டார், ஒவ்வொரு தடவை சர்வீசுக்கு விட்ட ரசீதையும் பத்திரமாக வைத்திருந்ததற்கு என்னைப் பாராட்டினார். நுகர்வோர் கோர்ட்டில் மனுப் போட்டோம்.

கோர்ட்டில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் ஆசிரியரை வண்டியைச் சோதித்துச் சொல்லச் சொன்னார்கள். அவரே ஓட்டினார், பக்கத்தில் ஷோரூம் மேனேஜர், பின்னால் உன் அப்பா. வேலூரில் பாலத்து மேல் ஏறும்போது வண்டி நின்றேவிட்டதாம். இறங்கித் தள்ளினதில் முதல் ஆள் உன் அப்பாதான், அதைச் சொல்லும்போதுகூட அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்ரோல் பம்புக்குப் போகிற வயர் செய்த இடத்திலேயே சரியாகப் பொருத்தப்படவில்லை என்று ஆசிரியர் எழுதிக் கொடுத்துவிட்டார். இனி என்ன, முடிந்தது என்று நான் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். அங்கேதான் ஷோரூம்காரர்கள் வேறு ஒரு வழி பிடித்தார்கள். இது சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கிற கார் இல்லை, வாடகைக்கு விடுகிற கார், அதனால் இவருக்கு இந்தக் கோர்ட்டில் கேட்கிற உரிமையே இல்லை என்றார்கள். அதற்கு ஆதாரம் என்று ஒரு வீடியோ காட்டினார்கள். உன்னிடம் மறைத்தது இதைத்தான்.

கார் வந்த புதிதில், அது மக்கர் பண்ண ஆரம்பிப்பதற்கு முன்னால், அக்தரி பேகம் மகளுக்கு நிக்காஹ் நடந்ததல்லவா. எம் பொண்ணு நம்ம வூட்டுக் கார்லயே போவட்டும் என்று அவள் கேட்டாள், உன் அப்பாவுக்கு அதைவிட வேறு பெருமை வேண்டுமா, பூ ஜோடித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவரே ஓட்டிப்போய் வாணியம்பாடியில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் விட்டார். பெண்ணைக் கொண்டுவந்து சேர்க்கிற டிரைவருக்கு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் பக்ஷீஸ் என்று கவரில் பணம் வைத்துக் கொடுப்பது அவர்கள் வழக்கம். மாப்பிள்ளையின் பெரியப்பா வாஹித் பாஷா கவரை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். உன் அப்பா என்ன பண்ணியிருக்க வேண்டும், நான் டிரைவர் இல்லை, பெண் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் என்று சொல்லியிருக்க வேண்டும். முப்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போய் வாங்கிக்கொண்டு நெற்றிக்கு உயர்ந்து ஒரு சலாமும் வைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து வெட்கத்தோடு சொன்னார், நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கவரை மறுநாள் கோயில் உண்டியலில் போட்டோம். பையன் கிட்ட மட்டும் சொல்லாத, கார் வாங்கிக் குடுத்தாலும் இந்த ஆளு கை நீட்டுறத விடலன்னு நெனைப்பான் என்று கெஞ்சினார். அந்த சலாம் வரை எல்லாம் கல்யாண வீடியோக்காரன் நெட்டில் போட்டு வைத்திருந்தான், ஷோரூம் வக்கீல் அதைத் தேடிப் பிடித்துவிட்டார்.

நம் வக்கீலே கொஞ்சம் ஆடிப்போனார். கவருல வெறும் வாழ்த்து அட்டைதான் இருந்திச்சுன்னு சொல்லிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். உன் அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார், "வாங்கினேன் சார், வாங்கினேன்னே எழுதுங்க." எனக்கு அந்த நேரம் கோபம் வந்தது, பொய் சொல்லத் தெரியாத ஆளைக் கட்டிக்கொண்டு வந்ததற்கு இப்போதுதான் சந்தோஷப்படுகிறேன். விஷயம் அக்தரி பேகம் காதுக்குப் போனது, கவர் கொடுத்த வாஹித் பாஷாவையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன் என்றாள். சம்பந்தி வீட்டுப் பெரியவரைக் கோர்ட்டுப் படி ஏறச் சொல்வது சின்ன விஷயமா, புதிதாகப் போன மகள் அங்கே வாழ வேண்டாமா. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். "எம் பொண்ணப் பத்திரமா கொண்டுபோய் சேத்தவரு, அவரு மேல பழி வந்தா நான் வாய மூடிக்கினு இருக்கணுமாக்கா" என்று புர்காவை மாட்டிக்கொண்டு ஒவைசோடு வாணியம்பாடிக்குக் கிளம்பிவிட்டாள்.

விசாரணை அன்றைக்கு முதலில் உன் அப்பாவைத்தான் கேட்டார்கள். நீதிபதி ஸ்தானத்தில் ஒரு அம்மா, நீங்கள் டிரைவர்தானே என்று கேட்டார். "முப்பது வருஷம் டிரைவருதாங்கம்மா. இந்த ஒரு வண்டிக்குத்தான் ஓனர்" என்றார். பணம் வாங்கினீர்களா என்றதற்கு, "வாங்கினேங்க, கல்யாண வூட்டுல குடுக்குறத வேணாம்னு சொல்லி அவங்க மனச நோவடிக்கக் கூடாதுன்னு நெனைச்சேன், அதுக்கு முன்னாடியே கை வாங்கிடுச்சு" என்றார். அந்த அம்மா குனிந்து எழுதிக்கொண்டார், சிரிப்பை மறைக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அப்புறம் வாஹித் பாஷா எழுந்தார். வாணியம்பாடியில் அவர் வந்தால் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள், அப்படிப்பட்ட ஆள், கோர்ட்டில் நின்று, "தப்பு என்னுதுங்க, ஸ்டியரிங்க மட்டும் பாத்தேன், ஆளப் பாக்கல. பொண்ணு வூட்டுக்கு இவரு இன்னா வேணும்னு விசாரிச்சிருந்தா கட்டிப்புடிச்சு எம் பக்கத்துல ஒக்கார வெச்சு சோறு போட்டிருப்பேன். வாடகையும் இல்ல ஒண்ணும் இல்ல, வழக்கத்துக்குக் குடுத்தது" என்றார். வெளியே வந்ததும் உன் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மாஃப் பண்ணிடுங்க அண்ணே என்று மன்னிப்புக் கேட்டார். இன்னா சாயபு இது, கைய நீட்டினது நான்தானே என்று உன் அப்பா சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். டீக்கடையில் யார் காசு கொடுப்பது என்று சண்டை வேறு.

தீர்ப்பு உனக்குத் தெரியும், வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழு விலையையும் கொடுக்க வேண்டும், நாங்கள் பட்ட மன உளைச்சலுக்கும் கேஸ் செலவுக்கும் தனி. ஷோரூம்காரர்கள் அப்பீல் போகவில்லை, பணம் பாங்கில் வந்துவிட்டது, காரை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது உன் அப்பா வாசலுக்கே வரவில்லை. உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. தீர்ப்பில் ஓரிடத்தில், வண்டி நின்றதற்கு ஓட்டியவரின் தவறு எதுவும் காரணம் இல்லை என்று எழுதியிருக்கிறது. வக்கீல் வாசித்துக்கொண்டே போனார், உன் அப்பா அவரை நிறுத்தி, சார் அத இன்னொரு தடவ படிங்க என்றார். பணம் எவ்வளவு என்ற இடத்தை அவர் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் உனக்குச் செய்தி அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். நீயும் உடனே எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பதில் போட்டாய், சூப்பர்மா, இதவிடப் பெரிய வண்டியா பாக்கலாம், நல்ல டிரைவரும் போட்டுடலாம் என்று. கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படித்தார், போனை வைத்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் விடப் போனார். மழை பெய்துகொண்டிருந்தது.

கண்ணு, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, பாசத்தில்தான் சொன்னாய். ஆனால் உன் அப்பாவுக்கு அந்தக் காரும் வேண்டாம், பெரிய காரும் வேண்டாம். ஊரும் கோர்ட்டும் அவர் ஓட்டினதில் தப்பில்லை என்று சொல்லியாயிற்று, அவர் பெற்ற பிள்ளை இன்னும் சொல்லவில்லை. அதைக் கேட்காமல் அவர் ஸ்டியரிங்கைத் தொட மாட்டார். அவர் வாய் திறந்து கேட்கவும் மாட்டார், அதனால் நான் கேட்கிறேன்.

மற்றபடி வேளைக்குச் சாப்பிடு, ஐஸ் தண்ணீர் குடிக்காதே, ஞாயிறு பூசையை விடாதே, ஒவைசுக்கு ஊர் தெரியாது, ஒரு நாள் அவனோடு போய்ச் சுற்றிக் காட்டு. ஆண்டவர் உன்னைக் காத்து, கை வைத்த காரியத்தையெல்லாம் ஆசீர்வதிக்கட்டும், உன் தலையில் கை வைத்து முத்தமிடுகிறேன்.

ஒன்றை மட்டும் மறக்காதே. இதைப் படித்து முடித்ததும் என் நம்பருக்குக் கூப்பிடாதே, அப்பா நம்பருக்குக் கூப்பிடு.

உன் அம்மா
சவுரியம்மாள்