சீர்ப்பெட்டிக்குள் ஒரு கல்

என் அன்பு மாப்ள,

இந்தக் கடிதத்தைப் பார்த்தால் உனக்குச் சந்தேகம் வரும். நீ உயிரோடு இருந்தபோது மூன்று வருஷம் முகம் கொடுத்துப் பேசாத மச்சான் இப்போது எதற்கு எழுதுகிறார் என்று. வரட்டும். சந்தேகப்படுவது நம் குடும்பத்தில் என் வேலையாகவே இருந்தது. இன்று ஒரு நாள் நீ செய்.

முதலில் செய்தி. நீ செய்து கொடுத்த சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டியின் ஆம்ப்ளிஃபயர் போன வாரம் புகைந்துவிட்டது. உன் அக்கா ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கு நடுவே வழக்கம்போலத் தவில் கேட்டுக்கொண்டிருந்தாள். கருகிய வாசம் வந்ததும் குழம்பு அடிப்பிடித்துவிட்டது என்று அவள் அடுப்படிக்கு ஓடினாள். நான் நேராக உன் பெட்டியிடம் போனேன். உன் சாமான் என்றால் எனக்குத் தெரியாதா?

"ஏமாத்துக்காரன் குடுத்தது" என்று நாக்கு நுனி வரை வந்தது. செத்தவனைத் திட்டக் கூடாது என்று விழுங்கிக்கொண்டேன். உன் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் திண்டுக்கல்லுக்குப் போனேன். உன் சாமான் எதுவும் இனி வேண்டாம். கையில் இருந்த கொஞ்சப் பணத்துக்குள் சப்வூஃபரும் வாங்க வேண்டும், ஆம்ப்ளிஃபயரும் வாங்க வேண்டும். அய்யலூர்ச் சந்தையில் ஆடு பிடிக்கிறவன் நான். வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்து எடை ஏற்றிக் கொண்டுவருகிறவர்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறேன்! உப்பிய வயிற்றை நம்ப மாட்டேன், முதுகெலும்பைத் தடவித்தான் விலை சொல்வேன். கடையிலும் அதே கண்ணோடுதான் நின்றேன்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு ஆம்ப்ளிஃபயர். அதன் மேல் ஐயாயிரம் வாட்ஸ் என்று ஸ்டிக்கர்.

"இம்புட்டூண்டு டப்பாவுக்குள்ள ஐயாயிரமாப்பா? போட்டா எங்க தெருவுல கரண்டு நிக்குமா?"

"அது சும்மா கம்பெனிக்காரன் ஒட்டுறதுண்ணே. பாட்டு நல்லாப் பாடும்" என்று சிரித்தார் கடைக்காரர். தூக்கிப் பார்த்தேன், காலி டிபன் பாக்ஸ் கனம்கூட இல்லை. அடுத்து ஒரு சப்வூஃபர் பெட்டியைத் தூக்கினேன். அது நல்ல கனம். கனமாக இருந்ததால் இன்னும் சந்தேகம் வந்தது. உள்ளே என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

அதற்குக் காரணம் நீதான், மாப்ள. எங்கள் வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று, பிறந்த வீட்டுச் சீராக அந்தப் பெட்டியை நீ சுமந்து வந்தாய். உன் கையால் செய்தது. தூக்கிப் பார்த்த நான் அதோடு விட்டிருக்கலாம். பந்தி முடிவதற்குள் பின்பலகையைக் கழற்றினேன். உள்ளே சைக்கிள் ட்யூபால் சுற்றி, அடியில் ஒட்டிய ஒரு கருங்கல். அதைப் பெயர்த்து எடுத்துச் சொந்தக்காரர்கள் நடுவில் வைத்தேன். "ஆட்டுக்குத் தண்ணி காட்டி விக்கிறவனும் நீயும் ஒண்ணுதான்டா. ஸ்பீக்கர் காந்தம் பெருசுன்னு கனம் காட்டக் கல்லு வச்சிருக்க" என்றேன். "மச்சான், அது வந்து" என்று ஆரம்பித்தாய். உன்னை முடிக்கவிட்டேனா?

அன்றைக்கு இறங்கியவன்தான் நீ, அதன் பிறகு என் வாசல்படி ஏறவே இல்லை. கல்லை ஆட்டுக்கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். போன ஆடியில் நீயும் போய்ச் சேர்ந்தாய்.

சரி, கடைக்கு வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரிப்பேர் பார்க்கும் ஒரு பாயிடம் போனேன். "பழசைக் கொண்டாங்கண்ணே. அதைப் பாக்காம எதையும் வாங்காதீங்க" என்றார். வாங்க வேண்டாம் என்கிற கடைக்காரரை நம்பலாமா? இருந்தாலும் கொண்டுபோனேன்.

பாய் பெட்டியைத் திறந்தார். ஸ்பீக்கர் கூம்பை விரலால் அழுத்தினார், பலகையைத் தட்டினார். அடியில் பசை காய்ந்த சதுரத் தடத்தில் அவர் விரல் நின்றது.

"இங்க ஒரு கல்லு இருந்திருக்கணுமே. எங்கண்ணே?"

"அது எதுக்கு பாய்?"

"பெட்டி ஆடக் கூடாதுல்ல. கைக்காசு பத்தாதவன் தடிப்பலகைக்கு எங்க போவான்? கல்லை வச்சு அசையாமப் பண்ணியிருக்காரு. நல்ல வேலைக்காரரு. யாரோ அதைப் பேத்துட்டு, பின்பலகையையும் ஒழுங்கா முடுக்கல. காத்து ஒழுகுது. சத்தம் எடுபடலைன்னு வால்யூமைக் கூட்டிக் கூட்டித்தான் ஆம்ப்ளிஃபயரை எரிச்சிருக்கீங்க."

யாரோ என்றார். அந்த யாரோ நான்தான். இவரும் உன் கூட்டாளியாக இருப்பாரோ, உனக்காகப் பேசுகிறாரோ என்றுகூட நினைத்தேன். பார்த்தாயா என் புத்தியை!

புது சப்வூஃபர் வாங்கவில்லை. எண்பது வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் மட்டும், மூடியைக் கழற்றச் சொல்லி டிரான்ஸ்ஃபார்மரைக் கண்ணால் பார்த்த பிறகு வாங்கினேன். வீட்டில் முதலில் கல் இல்லாமல் போட்டுப் பார்த்தேன். பெட்டி தரையில் தடதடவென்று நகர்ந்தது. பிறகு கொட்டகைக் கல்லைக் கழுவித் துடைத்து, அதே தடத்தில் ஒட்டி, ஆறு ஸ்குரூவையும் இறுக்கினேன். தவில் அதிர்ந்தது. பெட்டி அசையவில்லை.

உன் அக்கா ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"கல்லு சத்தத்துக்குத்தானாம்" என்றேன்.

"தெரியும். தம்பி அன்னைக்கே என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான்."

"ஏன்டி எனக்குச் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன். தம்பிக்கு வக்காலத்து வாங்குகிறாயா என்று அவளையும் சேர்த்துத் திட்டியிருப்பேன். மூன்று வருஷத்துக்கு மேல் அந்தக் கல்லைத் தாண்டித்தான் அவள் ஆட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோனாள். அழுகை வந்தது மாப்ள, மறைக்கவில்லை.

வர்ற ஆடியில் உனக்குத் திதி. பால் காய்ச்சிய அன்று வந்த அத்தனை பேரையும் கூப்பிடுவேன். அவர்கள் நடுவில் பின்பலகையைக் கழற்றி, கல்லைக் காட்டி, இது என் மாப்ள வைத்த கல், ஏமாற்று என்று சொன்னவன் நான், தப்பு என்னுடையது என்று சொல்வேன். பிறகு நானே மூடி, ஆறு ஸ்குரூவையும் இறுக்குவேன். இனி அதை யாரும் திறக்க விடமாட்டேன்.

உன் பேச்சை முடிக்கவிடாத,
உன் அக்கா புருஷன்.